செக்ரட்டரி தலையசைத்தால் சார்ஜ் ஏறும்

வடாலாவிலிருந்து மின்சார கார் கேள்வி–பதில்

● மின்சார கார் வாங்கும் யோசனை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்: ரேஞ்சா, பேட்டரியா, பிராண்டா?
– வாசகர், பக்தி பார்க், வடாலா

உங்கள் பார்க்கிங்கை! ஸ்லாட் உங்கள் பெயரில் இருக்கிறதா, அங்கிருந்து மீட்டர் அறை எவ்வளவு தூரம், வயர் யார் சுவரைத் தாண்டிப் போக வேண்டும் என்று பாருங்கள். மும்பைக்குள் ஆபீஸ் போய் வருகிறவருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். இன்று விற்கும் எந்த மின்சார காருக்கும் அது ஒரு வேலையே இல்லை. காரை ஷோரூமில் அரை மணியில் முடிவு செய்துவிடலாம். பிளக் பாயின்டுக்குத்தான் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். முதலில் பிளக், பிறகு கார்.

● ‘தீப்பிடித்தால் யார் பொறுப்பு?’ என்று கேட்டு எங்கள் சொசைட்டி செக்ரட்டரி என்.ஓ.சி. தர மறுக்கிறார். என்ன செய்ய?
– வாசகர், மாட்டுங்கா

சண்டைக்குப் போகாதீர்கள், ஃபைலோடு போங்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே உரிமையாளர் தன் வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதில் ஒரு நகல். லோடு கூட்டித் தரச் சொல்லி, மின்சாரம் தரும் பெஸ்ட் நிறுவனத்துக்கு விண்ணப்பம். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட வயரிங் படம். அதில் தனி எம்.சி.பி., கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., உருப்படியான எர்த் மூன்றும் இருக்கட்டும். வயர் செலவும் மின்கட்டணமும் என்னுடையது என்று ஒரு கடிதம்.

இன்னொன்று. செக்ரட்டரிகள் தீயைவிட அதிகமாகப் பயப்படுவது ஏ.ஜி.எம்.மில் எழுந்து ‘அவருக்கு மட்டும் எப்படி?’ என்று கேட்கப்போகும் நாலு பேருக்கு. அதனால் உங்களுக்கென்று கேட்காமல், எல்லோருக்குமான விதி ஒன்றை எழுதிக்கொண்டு போங்கள். பத்து பேர் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டி, ஒரே ராத்திரியில் சேர்ந்து போட்டால் 72 கிலோவாட். பழைய கட்டடத்தின் கேபிள் அதைத் தாங்குமா என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. இன்றே கணக்குப் பார்த்துவிட்டால் பத்தாவது ஆளுக்கும் சேர்த்து வழி பிறக்கும்.

● எங்கள் புது டவரில் மெக்கானிக்கல் பார்க்கிங். என் கார் மேல்தட்டில். அங்கே சார்ஜ் போட முடியுமா?
– வாசகி, அண்டாப் ஹில்

தட்டு ஏறும், இறங்கும், பக்கவாட்டில் நகரும். அதோடு சேர்ந்து வயர் நகராது. பிளக் மாட்டியிருக்கும்போது கீழ்த்தட்டுக்காரர் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தரைத்தளத்தில் ஸ்லாட் வைத்திருக்கும் பெட்ரோல் கார்காரர் யாரிடமாவது மாற்றிக்கொள்ளக் கேளுங்கள். மறுத்தால் விசிட்டர் பார்க்கிங்கில் பொதுவாக ஒரு சார்ஜர், யார் போட்டாரோ அவர் கணக்கில் பில் என்று சொசைட்டியிடம் கேளுங்கள். ஃப்ளாட் வாங்கும்போது மாடுலர் கிச்சனைத் திறந்து திறந்து பார்த்தோம். பார்க்கிங்கை யார் பார்த்தோம்?

● வீட்டிலேயே 15 ஆம்ப் பிளக் இருக்கிறதே. அது போதாதா?
– வாசகர், சயான் கோலிவாடா

போதும். கார் கம்பெனி தரும் போர்ட்டபிள் சார்ஜர் அதில் மணிக்கு மூன்று யூனிட் போல ஏற்றும். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் பத்து மணி நேரத்துக்குமேல் ஆகும். ஆனால் தினமும் காலி செய்து கொண்டுவரப் போகிறீர்களா என்ன? ஓடிய ஐம்பது கிலோமீட்டரை ஈடுகட்ட மூன்று மணி நேரம் போதும்.

ஒரே நிபந்தனை, எர்த். பழைய கட்டடங்களில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரத்துக்கு இருக்கும். ஃபிரிட்ஜ் அதைக் கண்டுகொள்ளாது. கார் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி உட்கார்ந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நினைப்பே வேண்டாம். மணிக்கணக்கில் முழு லோடு இழுத்தால் தளர்ந்த பிளக் சூடேறி உருகும். ஒரு மணி நேரம் கழித்து பிளக் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். கை தானாகப் பின்வாங்கினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

● பொது சார்ஜரில் உண்மையில் என்னதான் நடக்கும்? விளம்பரத்தில் எல்லோரும் காபி குடித்துச் சிரிக்கிறார்களே!
– வாசகர், செம்பூர்

ஆப்பில் பச்சைப் புள்ளி தெரிகிறது, போகிறீர்கள். நடப்பது இதில் ஏதாவது ஒன்று. ஒன்று: சார்ஜர் முன்னால் பெட்ரோல் கார், டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூக்கம். இரண்டு: மின்சார கார்தான், 100 சதவீதம் ஏறி முடிந்து நிற்கிறது, உரிமையாளர் மாலுக்குள். மூன்று: இடம் காலி, ஆனால் இந்தச் சார்ஜருக்கு வேறு ஆப். இறக்கி, ஓ.டி.பி. வாங்கி, வாலட்டில் பணம் போட்டு, கனமான கன்னை மாட்டினால் திரையில் ‘இனிஷியலைசிங்’ ஓடும். காரும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன. பேச்சுவார்த்தை முறிந்தால் கன்னைக் கழற்றி, காரைப் பூட்டித் திறந்து, மறுபடி மாட்டுங்கள்.

அப்போதும் உயிர் வரவில்லையென்றால் பெட்டியிலிருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். யாரோ அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் டக்கென்று வெளியே வரும். செத்துக் கிடந்த சார்ஜர் எழுந்துவிடும். கால் சென்டரில் அரை மணி இசை கேட்பதைவிட இது மேல். காபி அதற்கப்புறம்.

● 80 சதவீதத்தோடு கழற்றிவிட வேண்டும் என்கிறார்களே, ஏன்?
– வாசகி, மாட்டுங்கா

ஃபாஸ்ட் சார்ஜரில் முதல் பகுதி மளமளவென்று ஏறும். எண்பதைத் தாண்டியதும் பேட்டரியைக் காப்பாற்ற கார் தானே வேகத்தைக் குறைத்துவிடும். திருப்பதி தரிசன வரிசை மாதிரிதான்: சன்னதி கண்ணில் பட்ட பிறகுதான் நகரவே நகராது. அந்தக் கடைசி இருபதுக்காக நீங்கள் நிற்கும் நேரத்தில் பின்னால் நிற்பவர் தன் வேலையை முடித்திருப்பார். வீட்டு ஸ்லோ சார்ஜரில் இந்தக் கவலை கிடையாது. எல்.எஃப்.பி. பேட்டரி என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லி கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். மீதி எவ்வளவு என்று காட்டும் கணக்கு அப்போதுதான் சரியாக இருக்கும்.

● செலவு உண்மையிலேயே குறைவா?
– வாசகர், சூனாபட்டி

பிளக் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யூனிட் பத்து ரூபாய் விழுந்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பொது ஃபாஸ்ட் சார்ஜரில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து யூனிட் இருபதைத் தாண்டினால் மூன்றரை ரூபாய் பக்கம். லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் கார் மும்பை விலையில் ஏழு ரூபாய்.

வீட்டு பில்லில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்லாப்கள் 100, 300, 500 யூனிட் என்று ஏறும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 150 யூனிட் கூடும். ஏசியும் ஓடும் வீடென்றால் காரின் யூனிட்டெல்லாம் மேல் ஸ்லாப்பில்தான் போய் உட்காரும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கை நம்பாமல் உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். மாட்டுங்கா மச்சான் கணக்கும் உதவாது: மாஹிம், சயான் வரைக்கும்தான் பெஸ்ட், அதைத் தாண்டினால் அதானி அல்லது டாடா.

● கார் மாட்டுங்காவில் புகை விடாது, சரி. அதற்கான மின்சாரம் ட்ராம்பேயில் நிலக்கரி எரித்துத்தானே வருகிறது? உங்கள் புகையை எங்கள் செம்பூருக்குத் தள்ளிவிடுகிறீர்களே!
– வாசகர், செம்பூர்

சரியான அடி! ஆனால் பெட்ரோல் மட்டும் எங்கிருந்து வருகிறது? பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் இரண்டின் சுத்திகரிப்பு ஆலைகளும் உங்கள் மாஹுலில்தான். எந்தக் காரை ஓட்டினாலும் செம்பூருக்குப் பங்கு உண்டு. பெட்ரோல் கார் கூடுதலாக மாட்டுங்காவுக்கும் கொடுக்கும். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளில் முக்கால்வாசியைச் சூடாகவே வீணடிக்கிறது. மின் மோட்டாரில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு. ஆனாலும் மாஹுல்காரர் இருமும்போது இந்தக் கணக்கைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது.

● மழைக்காலத்தில் காந்தி மார்க்கெட் தண்ணீரில் ஷாக் அடிக்குமா?
– வாசகி, கிங்ஸ் சர்க்கிள்

அடிக்காது. பேட்டரி பெட்டி சீல் செய்யப்பட்டது. ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். அது சோதனைத் தொட்டி. கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரில் சாக்கடை, ஆயில், பிளாஸ்டிக் எல்லாம் உண்டு. ஹை டைட் நேரமென்றால் வடியவும் வடியாது. டயர் பாதி முழுகும் தண்ணீரில் இறக்காதீர்கள். கார் முழுகி நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் சார்ஜ் போட்டுப் பார்ப்பதும் கூடாது. டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். இன்ஷூரன்ஸில் பேட்டரி பாதுகாப்புக்குத் தனி ஆட்–ஆன் இருக்கிறதா என்று மே மாதமே பாருங்கள்.

● லோனாவ்லா காட் ஏறும்போது சார்ஜ் கரைந்துவிடுகிறதே?
– வாசகர், வடாலா

ஒன்றரை டன்னைச் சற்று தாண்டும் காரை, கோபோலியிலிருந்து லோனாவ்லா வரை 550 மீட்டர் தூக்குகிறீர்கள். அந்தத் தூக்கலுக்கு மட்டும் இரண்டரை யூனிட் போல ஆகும். சமதளத்தில் பதினாறு கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். திரும்பி இறங்கும்போது பிரேக்கில் வீணாகும் சக்தியை மோட்டாரே பிடித்துப் பேட்டரியில் போடும். பாதிக்குமேல் திரும்பக் கிடைக்கும். இதே மலையில் 1915 முதல் டாடாவின் கோபோலி நீர்மின் நிலையம் இதே வேலையைச் செய்கிறது. லோனாவ்லா பக்கத்து ஏரித் தண்ணீரைக் கீழே இறக்கி மும்பைக்கு மின்சாரம் அனுப்புகிறது. உங்கள் கார் கொஞ்சம் லேட்டாகத் தொழிலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

● திருநெல்வேலிக்குக் கோயில் கொடை பார்க்க மின்சார காரில் போகலாமா?
– வாசகர், தாராவி

போகலாம். 1,600 கிலோமீட்டர் சொச்சம். இருநூறுக்கு ஒரு தடவை நிறுத்தினால் எட்டு சார்ஜ். அங்கெல்லாம் வேலை செய்யும் சார்ஜரும் காலி இடமும் கிடைத்தால் எட்டு மணி நேரம் கூடுதல். வழியிலுள்ள எல்லா ஊர் டீக்கடையும் பழக்கமாகிவிடும். கொடைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டுமென்றால் தாதர்–திருநெல்வேலி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுங்கள்.

● நான் டாக்ஸி ஓட்டுகிறேன். சி.என்.ஜி. வரிசையிலேயே பாதி வயது போகிறது. மின்சாரத்துக்கு மாறலாமா?
– வாசகர், நைன்டி ஃபீட் ரோடு, தாராவி

சி.என்.ஜி.யில் முன்னால் பத்து வண்டி நின்றாலும் வரிசை நகரும். சார்ஜரில் ஒரே ஒரு வண்டி நின்றால் ஒரு மணி நேரம் போச்சு. தினம் 200 கிலோமீட்டர் ஓட்டுகிற உங்களுக்கு 30 யூனிட் வேண்டும். ராத்திரி நிறுத்துகிற இடத்தில் சார்ஜ் போட வழி இருந்தால் மாறுங்கள்; மிச்சமாவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். தெருவில் நிறுத்தி, முழுக்கப் பொது சார்ஜரை நம்புவதாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். 2023 அக்டோபரில் பிரீமியர் பத்மினிக்கு விடை கொடுத்தபோது ஊரே கண் கலங்கியது. ஓட்டுநர் எங்கே சார்ஜ் போடுவார் என்பதையும் அந்த ஊர் கொஞ்சம் யோசிக்கலாம்.

● பச்சை நம்பர் பிளேட்டுக்கு ஏதாவது மரியாதை உண்டா?
– வாசகர், வடாலா

உண்டு. மகாராஷ்டிராவின் 2025 கொள்கைப்படி மின்சார கார்களுக்கு அடல் சேதுவில் டோல் கிடையாது. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒருவழிக்கு 250 ரூபாய் மிச்சம், பாலமோ நமக்குப் பக்கத்துச் சிவ்ரியில். ஃபாஸ்டேகில் பணம் கழிந்திருக்கிறதா என்று மட்டும் அன்றே பார்த்துவிடுங்கள்.

● மின்சார வண்டி என்பதே நமக்குப் புதுசுதானே, ஏன் இவ்வளவு அவசரம்?
– ஓய்வுபெற்ற வாசகர், மாட்டுங்கா

1895-லேயே மதராஸில் மின்சார டிராம் ஓடியது, பம்பாயில் 1907-ல். பெஸ்ட் என்ற பெயரிலேயே மின்சாரமும் டிராமும் சேர்ந்துதான் இருந்தன. மதராஸில் 1953-லும் இங்கே 1964-லும் டிராமை மூடிவிட்டோம். பெங்களூருவின் ரேவா காரும் 2001-லேயே வந்துவிட்டது. நூறு வருஷத்துக்குமேல் யோசித்தவர்களை அவசரக்காரர்கள் என்கிறீர்களே!

● நடுவழியில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிடுமோ என்ற பயம் போகவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, மைசூர் காலனி

உங்கள் ஸ்டேஷன் பக்கத்திலேயே 2025 ஆகஸ்ட் 19 மழையில், கூட்டம் தாங்காமல் மோனோ ரயில் அந்தரத்தில் நின்றது. கூடவே மின்தடம் வைத்திருந்த வண்டிக்கே அந்தக் கதி. காரில் இருபது சதவீதம் மிச்சம் என்றால் நகருக்குள் நாற்பது கிலோமீட்டராவது போகும். மைசூர் காலனியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அதற்குள் ஒரு சார்ஜர் வரும். அது வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி. அதனால் இருபதில் தேடுங்கள், ஐந்தில் தேடாதீர்கள்.

● கடைசியாக: வாங்கலாமா, வேண்டாமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– வாசகர், வடாலா ஈஸ்ட்

நிறுத்துமிடத்தில் பிளக் இருந்தால் நாளைக்கே வாங்குங்கள். செக்ரட்டரி யோசிப்பதாகச் சொன்னால், அவர் யோசித்து முடித்த பிறகு வாங்குங்கள். இரண்டும் இல்லையென்றால் பெஸ்ட்டின் மின்சார ஏசி பஸ் இருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் 12 ரூபாய், சார்ஜ் போடுவது டிப்போவின் தலைவலி, ஓட்டுநர் இலவசம்.