டெட்ஸோன் கேப்டன்

வீட்டு மேசையில் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களில் ஒரு ஜாதி ஓட்டுவதே இல்லை. திரையில் செஸ்னா 172 உறுமியபடி ஓடுபாதை முனையில் காத்திருக்கும். கேப்டனோ ஜாய்ஸ்டிக்கை நாலு மூலைக்கும் சுழற்றிவிட்டு, விண்டோஸ் காட்டும் கட்டத்துக்குள் அந்தக் குட்டிப் பிளஸ் குறி நட்டநடுவில் நிற்கிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பார். நிற்காது. ஒரு மயிரிழை இடப்பக்கம். மறுபடியும் முதலிலிருந்து. வீட்டார் இவரை விமானி என்று நம்புகிறார்கள். உண்மையில் இவர் மெக்கானிக். விமானம் வெறும் சாக்கு, கோளாறுதான் பொழுதுபோக்கு.

இதற்குச் சான்று இவர் செய்யும் வைத்தியத்திலேயே இருக்கிறது. மலிவான ஜாய்ஸ்டிக்குக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர்; கார்பன் தடத்தின் மேல் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே நகரும். தடம் தேய்ந்தாலும் தூசி படிந்தாலும், கையை எடுத்த பிறகும் அளவு துள்ளும். கேலிப்ரேஷன் என்பதோ, ஓரங்கள் எங்கே, நடு எங்கே என்று கணினிக்குச் சொல்லிவைப்பது மட்டும்தான். துள்ளுகிற அளவுக்கு நிலையான நடு ஏது? இது கேப்டனுக்குத் தெரியாததல்ல, நமக்கே வகுப்பெடுப்பார். ஆனாலும் காண்டாக்ட் கிளீனரை ஒரு முறை பீய்ச்சிப் பார்க்காமல், யூஎஸ்பி துளையை மாற்றி, டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றி, ஞாயிற்றுக்கிழமையைத் தீர்ப்பார். டெட்ஸோனைக் கொஞ்சம் கூட்டினால் நடுவைச் சுற்றியுள்ள சில்லறை நடுக்கத்தைச் சிமுலேட்டர் கண்டுகொள்ளாது. அதைச் சொல்லிப் பாருங்கள். "அது ஏமாத்து வேலை சார்!"

இதைவிட ருசியான சங்கதி, கோளாறே இல்லாத ஜாய்ஸ்டிக்குக்கு நடக்கும் வைத்தியம். ஒற்றை எஞ்சின் செஸ்னா முழு வேகத்தில் ஓடும்போது இடப்பக்கம் இழுக்கும். புரொப்பெல்லர் சுழல்வதால் வரும் குணம் அது. நிஜ விமானி வலது பெடலை மிதித்துக்கொண்டு போய்விடுவார். நம்மவர் சிமுலேட்டரை நிறுத்திவைத்துவிட்டுக் கேலிப்ரேஷனுக்குத் திரும்புவார். சிமுலேட்டர் எவ்வளவு அச்சு அசலாக இருக்கிறதோ, அவ்வளவு சந்தேகம் இவருக்கு.

நிஜ விமானிகளும் கிளம்புமுன் கட்டுப்பாடுகளை அசைத்துச் சோதிக்கிறார்களே என்று இவர் கட்சியினர் கேட்கலாம். சோதிக்கிறார்கள், சில விநாடிகளில் முடித்துவிட்டுப் பறக்கிறார்கள். இவர் தம்புராவுக்குச் சுருதி கூட்டியே கச்சேரியை முடிக்கும் வித்வான். நல்ல கருவி வாங்கிக் கொடுத்தால் திருந்துவார் என்பது அடுத்த வாதம். உரசலே இல்லாமல் காந்தப்புலத்தை வைத்து அளக்கும் ஹால் எஃபெக்ட் ஜாய்ஸ்டிக்குகள் வந்துவிட்டன, தேயும் தடம் அவற்றில் கிடையாது. ஆனால் சில மாடல்களில் முன்பின், இடவலத்துக்கு மட்டுமே அந்தச் சொகுசு. ரடருக்காகப் பிடியை முறுக்கும் அச்சில் பழைய பொட்டென்ஷியோமீட்டரேதான். அதைக் கண்டுபிடிக்கும் நாளில் கேப்டன் முகத்தில் வருகிற களையைப் பார்க்கவேண்டும்!

இவர் பழைய ஜாய்ஸ்டிக்கை விற்க வந்தால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது பறந்து தேய்ந்ததைவிடக் கேலிப்ரேட் ஆகித் தேய்ந்ததே அதிகம்.