காயலில் தண்ணீர் இருக்குமா?

கேள்வி: காயல்பட்டினத்துக்குக் குடும்பத்தோடு போய், "படகு வீடு எங்கே கிடைக்கும்?" என்று விசாரித்தோம். எல்லோரும் சிரிக்கிறார்களே, ஏன்? (வாசகர், சேலம்)

பதில்: நீங்கள் எழுநூறு வருஷம் தாமதம்! தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிப் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று மூன்று காயல்கள் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து, அரபுக் குதிரைகள் இறங்கும் துறைமுகம் என்று எழுதிவைத்தாரே, அந்தக் காயல் பழையகாயல்தான் என்றார் கால்டுவெல். ஆறு சும்மா இருக்குமா? வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. கடல் தள்ளிப் போனது. கொற்கைக்கும் அதற்கு முன்பே இதே கதிதான். துறைமுகம் மண்ணுக்குள் போனாலும் பெயர் மட்டும் மேலே நிற்கிறது. பழையகாயல் பக்கம் இன்று உப்பளம் பார்க்கலாம். படகு வீட்டுக்கு ஆலப்புழை ரயிலைப் பிடியுங்கள்.

கேள்வி: காயல் என்றால் உப்பங்கழி என்று அகராதியில் போட்டிருக்கிறதே, சரியா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பாதி சரி. வேம்பநாட்டுக் காயல், அஷ்டமுடிக் காயல் எல்லாம் அந்த வகை. கடலில் கலக்க ஓடிவந்த ஆறு, மணல்திட்டுக்கு இந்தப் பக்கம் தயங்கி நின்றுவிட்ட நீர். மழைக்காலத்தில் ஆற்றின் கை ஓங்கும். கோடையில் கடலின் கை. இந்தச் சண்டையில் நெற்பயிர் கருகாமல் இருக்க, 1970களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணையே போட்டார்கள்.

ஆனால் கொல்லம் மாவட்டத்தில் சாஸ்தாம்கோட்டைக் காயல் என்று ஒன்று இருக்கிறது. நல்ல தண்ணீர் ஏரி! கொல்லம் நகரமே அதைக் குடிக்கிறது. உப்பும் இல்லை, கழியும் இல்லை, காயல் மட்டும் உண்டு.

இன்னும் வேடிக்கை குட்டநாட்டில். அங்கே நெல்வயலுக்கும் காயல் என்றே பெயர். 1940களில் 'காயல் ராஜா' என்று பெயரெடுத்த முரிக்கன், வேம்பநாட்டு நீருக்குள் வரப்புக் கட்டித் தண்ணீரை இறைத்து வயல்களாக்கினார். சித்திரக் காயல், மார்த்தாண்டக் காயல், ராணிக் காயல் என்று அரச குடும்பத்துப் பெயர்கள் வேறு! எல்லாம் கடல்மட்டத்துக்குக் கீழே. ஒரு குட்டநாட்டுக்காரர் "காயலுக்குப் போகிறேன்" என்றால், துண்டோடு போகிறாரா மண்வெட்டியோடு போகிறாரா என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

கேள்வி: கழி, களப்பு, பொழி... எல்லாம் ஒன்றுதானா? (வாசகர், திருச்சி)

பதில்: பங்காளிகள். ஆனால் தனிச் சமையல். கழி பழைய ஆள். நெய்தல் பாடல்களில் தலைவனின் தேர் தாண்டி வர வேண்டிய நீர். களப்பு இலங்கைத் தமிழரின் சொல்; மட்டக்களப்பின் பெயரிலேயே இருக்கிறது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்களே, அந்த நீர். பொழி குமரிக் கடற்கரைச் சொல்: ஆறு கடலில் சேரும் வாயை மணல் அடைப்பதும் வெள்ளம் வந்தால் உடைவதுமான இடம். ராஜாக்கமங்கலம் பக்கம் பொழிக்கரை என்று ஊரே உண்டு. காயல் ஓர் அறை என்றால் பொழி அதன் கதவு.

இத்தனை இருந்தும் ஆங்கிலத்தைப் பார்த்துப் 'பின்நீர்' என்று எழுதுகிறார்கள் சிலர். யாருக்குப் பின்னால்? கரையில் குடியிருப்பவருக்கு அது வாசலாயிற்றே!

கேள்வி: கயலுக்கும் காயலுக்கும் என்ன வித்தியாசம்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ஒரே ஒரு துணைக்கால். கயல் மீன், காயல் நீர். காதலிக்குக் கவிதை எழுதும்போது கவனம். 'காயல்விழி' என்று எழுதிவிட்டால் கண் நிறைய உப்புத் தண்ணீர் என்றாகிவிடும். பிரிவதாக முடிவு செய்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: காயலான் கடைக்கும் காயலுக்கும் உறவு உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: உண்டு என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். காயல்பட்டினத்து வியாபாரிகள் சென்னையில் பழைய இரும்புக் கடை வைத்ததால் வந்த பெயராம். சென்னைத் தமிழில் 'காயலா' என்றால் உடம்பு சரியில்லாதது என்பதால், மருந்துக் கடை என்று நினைத்துப் போய்விடாதீர்கள். இந்தப் பத்திரிகையும் ஒருநாள் அங்கேதான் போய்ச் சேரும். தராசில் ஏற்றுமுன் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டால், எடையில் பெரிய நஷ்டம் வராது.