குடிலப்பர்

சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொல்லிப் பதினோரு மாதம் கெஞ்சியிருப்பீர்கள். "ஞாயித்துக்கிழமை பார்ப்போம்" என்றே எல்லா ஞாயிறும் போயிருக்கும். அதே மனிதர் டிசம்பர் பிறந்ததும் விடியற்காலையில் சுத்தியலும் கையுமாக நின்றால் பயந்துவிடாதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. குடில் கட்டப் போகிறார்.

நாகர்கோவில் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ள எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த ரகத்தில் இரண்டு பேராவது அகப்படுவார்கள். சூசையப்பர் மனைவிக்கும் பிள்ளைக்கும் மாட்டுத் தொழுவத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். இவர்கள் மாட்டுத் தொழுவத்துக்கு வீட்டு ஹாலில் இடம் பிடித்துக் கொடுப்பவர்கள். அதனால் நான் வைத்த பெயர் குடிலப்பர். என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். ஒன்பது டிசம்பராகக் கூடவே இருந்து பார்த்து எழுதுகிறேன்; கேள்விப்பட்டது எதுவும் இதில் இல்லை.

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடியும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஊரெல்லாம் தேர் பார்க்கப் போகும். குடிலப்பர் திருவிழாக் கடையில் பொம்மை பார்க்கப் போவார். "போன வருஷத்து ஆட்டுக்கு ஒரு துணை வாங்கணும்" என்று கிளம்பியவர் இரண்டு வாத்து, ஒரு கோழி, ஓர் ஒட்டகத்தோடு வருவார். ஆடு வாங்கியிருக்க மாட்டார். எங்கள் குடிலில் சூசையப்பர் எட்டு அங்குலம், மாதா ஆறு அங்குலம், கோழி ஏறக்குறைய ஒரு அடி. அந்தக் கோழியைப் பார்த்துத்தான் இடையர்கள் அஞ்சினார்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை.

பிறகு தளவாடம் சேர்ப்பு. கடற்கரைப் பக்கத்துச் சிநேகிதர் சவுக்குக் கிளை கொண்டுவந்து போடுவார். அது கிறிஸ்துமஸ் மரம். அட்டைப்பெட்டியும் சாணித்தாளும் மலை ஆகும். பால்காரரிடம் சொல்லி வைத்த வைக்கோல் வந்து சேரும். அதோடு வந்த பூச்சிகளும் எங்களோடு பண்டிகை கொண்டாடும். டிசம்பர் 12 வாக்கில் பழைய பிளாஸ்டிக் தட்டுகளில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி ஈரத்துணியால் மூடுவார். பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சைப் பசேலென்று புல்வெளி நிற்கும். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "மாத்திரை கொடுத்தியா?" என்று கேட்பதோடு சரி. கேழ்வரகு முளைவிட்டதா என்று பார்க்க மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு எழுந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "முளைப்பாரி நல்லா வந்திருக்கே, எந்த அம்மன் கோவிலுக்கு?" என்று கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம், நிறையப் பெருமை.

இவ்வளவும் யாருக்காக? "பிள்ளைங்களுக்காகத்தான்." குடிலப்பர்களின் முதல் வேதவாக்கியம் இது. இரண்டாவது வாக்கியம், "தொடாதே." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார்: "எல்லாம் உங்களுக்காகத்தான் மக்களே செய்றேன், தொடாத."

எங்களுக்கு இரண்டு பேர். மூத்தவள் இரண்டாம் வகுப்பு, இளையவனுக்கு நாலு வயது. குடில் வேலையில் மூத்தவளுக்கு டார்ச் பிடிக்கும் பொறுப்பு. இளையவனுக்கு செல்லோ டேப்பின் நுனியைக் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பு. அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள் டார்ச் பிடித்து நிற்கிறாளே என்று கேட்டால், "சயன்ஸ்ல ஒளி பாடம் இருக்கில்ல?" என்பார்.

மலை எழுந்து நின்றதும் உச்சியில் பஞ்சை ஒட்ட ஆரம்பித்தார். டிசம்பரிலும் ஃபேன் இல்லாமல் தூக்கம் வராத ஊர் எங்களுடையது. மூத்தவள் டார்ச்சைப் பிடித்தபடியே கேட்டாள்:

"பஞ்சு எதுக்குப்பா?"

"ஸ்நோ, மக்களே."

"பெத்லகேம்ல ஸ்நோ பெய்யுமா?"

"எப்பவாச்சும் பெய்யும்."

"மழை?"

"அந்த ஊர்லயும் இப்பதான் மழைக்காலம்."

"அப்போ மழையே வைக்கலாமே. நம்ம ஊர்லயும் அதானே பெய்யுது?"

பிள்ளை ஒரு பேச்சுக்குக் கேட்டாள். குடிலப்பரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் அடுக்களை வாசலிலிருந்து பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. மறுநாள் சாயங்காலம் மீன் தொட்டி மோட்டார் வந்தது. மழை வைக்க முடியவில்லையாம், அருவி வைத்தார். திற்பரப்பு அருவி தோற்றது. ஆனால் சாணித்தாளில் கட்டிய மலைமேல் தண்ணீரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கட்டியவர் யோசிக்கவில்லை. இருபது நிமிடத்தில் மேற்குச் சரிவு உட்கார்ந்தது. இரண்டு இடையர்கள் மண்ணோடு போனார்கள். ஒருவருக்குக் கழுத்து போய்விட்டது; ஃபெவிகுவிக் போட்டு ஒட்டினார். அவர் பண்டிகை முடியும்வரை விண்மீனைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கட்டிய மலைக்கு அடியில் விரிக்க என் சாப்பாட்டு மேசை ஷீட் போனது. சொல்லிக்கொள்ளாமல்தான் போனது.

அடுக்களையிலும் அதே சமயம் ஒரு பண்டிகை நடந்துகொண்டிருந்தது. வறுத்துப் பொடித்த சிறுபயற்று மாவும் தேங்காயும் எள்ளும் கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசிமாவில் முக்கி, மும்மூன்றாக ஒட்டவிட்டுச் சுடுகிற முந்திரிக்கொத்து. பெயரில் உள்ள முந்திரியை உள்ளே தேடக்கூடாது. அப்புறம் அச்சு முறுக்கு, கல்கல். ஐந்து வீட்டுக்குத் தட்டு போகவேண்டும். இதற்கு டார்ச் பிடிக்க ஆளில்லை. "தொடாதே" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்; ஒரு பாத்திரம் காலி.

குடிலப்பர்கள் எல்லோருக்கும் ஒரு பிரசங்கம் கைவசம் இருக்கும். வீட்டுக்கு ஆள் வந்ததும், காபிக்கு முன்பு அது வரும். "இந்தக் குடில் வைக்கிற வழக்கத்தை ஆரம்பிச்சது யாரு தெரியுமா? அசிசியார். 1223-ல, இத்தாலியில கிரெச்சோங்கிற ஊர்ல. பொம்மை கிம்மை இல்லை. நெசமான மாடு, நெசமான கழுதை, வைக்கோல்." இதைக் கேட்ட இளையவன், "நாமளும் மாடு வாங்கலாமாப்பா?" என்றான். குடிலப்பர் உடனே மறுக்கவில்லை. ஹாலின் அளவைக் கண்ணால் அளந்தார். "வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன்.

பிரசங்கத்தின் இரண்டாம் பாகம் இன்னும் ஆபத்து. "லூக்கா நற்செய்தியில தீவனத் தொட்டின்னு மட்டும்தான் இருக்கு, மாடும் கழுதையும் அங்க நின்னதா எழுதலை. மத்தேயுவில ஞானிகள் வந்தாங்கன்னு இருக்கு; மூணு பேருன்னு இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம்னு காணிக்கை மூணு. அதை வச்சு மூணு ராஜான்னு ஆக்கிட்டாங்க."

"பின்ன நீங்க ஏன் மூணு வச்சிருக்கீங்க?" என்றாள் மூத்தவள்.

"பெட்டியில மூணுதான் இருந்துது."

இவ்வளவு தெரிந்தவர் ராஜாக்களைக் குடிலுக்குள் விடமாட்டார். அவர்கள் ஜனவரி 6-ஆம் தேதிதான் வந்து சேரவேண்டும். அதுவரை டிவி ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டு, ஷோகேஸ் வழியாக, நாளுக்கு அரை அடி. நாலு வயதுப் பிள்ளைக்கு இந்த வேகம் தாங்குமா? ஒருநாள் காலையில் பார்த்தால் மூன்று ராஜாக்களும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து அருவிக்கரையில் இறங்கத் தயாராக இருந்தார்கள். ஒட்டகத்துக்கு ஆட்டோவில் இடமில்லை. கயிறு கட்டிப் பின்னால் இழுத்திருந்தான்.

"லேய், தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் ஆட்டோவத்தான் தொட்டேன்."

கேரல் வந்த இரவையும் சொல்லவேண்டும். பதினொன்றரை மணிக்குத் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. பங்குக் கோவில் இளைஞர்கள் கிதாரோடு உள்ளே வந்தார்கள். பின்னாலேயே கிறிஸ்துமஸ் தாத்தா. ரோஸ் நிற முகமூடி, பஞ்சுத் தாடி, உள்ளே பூட்டிய சிரிப்பு. பிள்ளைகளை மகிழ்விப்பதற்கென்றே செய்த அந்த முகத்தைப் பார்த்து அலறாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. இளையவன் ஒரே பாய்ச்சலில் குடில் மேசைக்கு அடியில் போனான். மோட்டார் ஒயர் காலில் சிக்கியது. அருவி நின்றது; சீரியல் செட் அணைந்தது; வீடே இருண்டது. இருட்டில் குடிலப்பரின் குரல் கேட்டது: "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலியே?" கொஞ்சம் பொறுத்து, "பிள்ளை எங்க?" என்றும் கேட்டார். முகமூடியைக் கழற்றிய தாத்தா அடுத்த தெரு எலெக்ட்ரீஷியன் என்று தெரிந்தது. அவரே ஃபியூஸ் போட்டுத் தந்து, காணிக்கைக் கவரும் வாங்கிக்கொண்டு போனார்.

ஒருவழியாக 24-ஆம் தேதி. தையல்கடையிலிருந்து கவுன் எட்டு மணிக்கு வந்தது, பட்டன் இல்லாமல். பத்தரைக்கு நான் பாதி சேலையும் வாயில் சேஃப்டி பின்னுமாக நிற்கிறேன். நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பவேண்டும். பாலனை மட்டும் காணோம்.

குடிலில் பாலன் சொரூபம் 24-ஆம் தேதி நடுராத்திரிக்குத்தான் வைக்கப்படும். அதுவரை தீவனத் தொட்டி காலி. பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது என்று குடிலப்பர் அதை எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டார். பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம். பீரோ, அரிசிப் பானை, ஷேவிங் டப்பா, பரண், ஸ்கூட்டர் டிக்கி, எல்லாம் பார்த்தாயிற்று. ஏரோது மன்னன்கூட அந்தக் குழந்தையை இப்படித் தேடியிருக்கமாட்டான். வியர்த்து ஊற்ற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சோபாவில் பாதித் தூக்கத்தில் கிடந்த மூத்தவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"மீட்டர் பாக்ஸ் மேல இருக்குப்பா."

இருந்தது. கைக்குட்டையில் சுற்றி, தூசியோடு.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வைக்கும்போது பார்த்தேன்."

"பின்ன ஏன் மக்களே இவ்வளவு நேரம் சொல்லலை?"

"தொடாதேன்னுதானே சொன்னீங்க. நான் தொடலை."

குடிலப்பர் பதில் சொல்லவில்லை. பூசை முடிந்து ஒன்றரை மணிக்கு வீடு வந்ததும் பாலனை எடுத்து மூத்தவள் கையில் கொடுத்தார். இளையவனைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து, அந்த டிசம்பரில் முதல்முறையாக, குடிலுக்குள் கைவிட்டார்கள். ஓர் ஆடு சாய்ந்தது. பாலனை இளையவன் வாசல் பக்கம் வைக்கவில்லை. பின்பக்கமாகத் திருப்பி வைத்தான். "மாட்டைப் பார்க்கட்டும்" என்றான். குடிலப்பரின் கை சரிசெய்ய நீண்டது. மாடு வரைக்கும் போய் நின்றது. பிறகு திரும்பிவந்து சட்டைப் பைக்குள் போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்ததிலேயே பெரிய தியாகம் அது.

26-ஆம் தேதி எங்கள் பங்கின் அன்பியக் குழுவிலிருந்து குடில் போட்டி நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நான் சுட்ட முந்திரிக்கொத்தைத் தின்றார்கள். அதற்கு மார்க் கிடையாதாம். குடிலப்பர் 1223-ஐ ஆரம்பிப்பதற்குள் ஒருவர் பிள்ளைகளிடம் குனிந்து, "இதை யாரு கட்டினா?" என்று கேட்டார்.

"அப்பா கட்டினாங்க. நான் டார்ச் பிடிச்சேன்" என்றாள் மூத்தவள்.

"நான் ஆட்டோ ஓட்டுனேன்" என்றான் இளையவன்.

அவர்கள் கையிலிருந்த தாளில் "பிள்ளைகள் பங்கேற்பு" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பேனா வெகுநேரம் தயங்கியதைக் குடிலப்பரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

புத்தாண்டுப் பூசை முடிந்ததும் பரிசு கொடுத்தார்கள். எங்களுக்கு ஆறுதல் பரிசு, ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். "முதல் பரிசு வாங்கின குடில்ல அருவியே கிடையாது" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 6-ஆம் தேதி ராஜாக்கள் ஆட்டோவிலேயே வந்து சேர்ந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. மறுநாள் மலையைப் பிரித்தோம். மஞ்சளாகிப்போன கேழ்வரகுப் புல் பாட்டி வீட்டு ஆட்டுக்குப் போனது. மேசை ஷீட் மண் கறையோடு திரும்பிவந்தது. பொம்மைகளைப் பேப்பரில் சுற்றிப் பெட்டி கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று. பாலன் மட்டும் பரணுக்குப் போகவில்லை. டிபன் பாக்ஸில் பஞ்சு விரித்துப் படுக்கவைத்து, அடுக்களை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறோம்.

புது வருடக் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.