கூடத்துத் தரையில் மரப்பதிப்பு: இடுக்கியல் நோக்கில் ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

வீட்டுத் தரையில் ஒரு மரத்தைத் தோண்டி அதில் இன்னொரு மரத்தைப் பதிக்கும் கலை குறித்துத் தமிழில் போதிய ஆய்வுகள் இல்லை. இந்த வாக்கியம் இல்லாத ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

ஆய்வுக்களம், சென்னையில் நண்பர் ஒருவருடைய ஃபிளாட்டின் ஹால். அதிலும் டீவிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடைப்பட்ட பகுதி. அங்கே தேக்குப் பலகைத் தரையின் நடுவில் எட்டுமுனை நட்சத்திரம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முனையும் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஈட்டி, மறு பாதி பலா. ஈட்டி கறுப்பு, பலா மஞ்சள். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தட்டைத் தரை மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்பதுபோல் தெரியும். முதல் தடவை வருகிற விருந்தாளிகள் காலைத் தூக்கித் தாண்டிப் போகிறார்கள்.

ஈட்டி கிடைத்த வழியையும் பதிவு செய்துவிடவேண்டும். அந்த மரம் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போகத் தாள் வேண்டும். நண்பருக்கு அந்தச் சிரமம் வரவில்லை. பாட்டி காலத்துக் கட்டிலின் கால்களை அறுத்துவிட்டார். (மூலத்தரவு: கட்டில். இப்போது செங்கல்மேல் நிற்கிறது.)

2. சொற்பிறப்பு

வேர்ச்சொல் தேடிப் போனவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதாகச் சான்று இல்லை என்பதால் நான் போகவில்லை.

3. திசை

நட்சத்திரத்தின் வடக்கு முனை செருப்பு ஸ்டாண்டைக் காட்டுகிறது.

4. முன்னோர்

வெர்சாய் அரண்மனையில் முதலில் போட்டிருந்தது பளிங்குத் தரை. அதைக் கழுவக் கழுவத் தண்ணீர் கீழே இறங்கி, தாங்கி நின்ற உத்தரங்கள் உளுத்துப்போயின. 1684-இல் பளிங்கை எடுத்துவிட்டு, ஓக் சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகப் பூட்டிய சதுரப் பலகைகளைப் பரப்பினார்கள். தினமும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வழக்கத்துக்கு எதிராக உலக வரலாறு தருகிற வலுவான சான்று இது. எங்கள் வீட்டில் சமர்ப்பித்துப் பார்த்தேன், சான்று ஏற்கப்படவில்லை.

அதே அரண்மனையில் ஆந்திரே-ஷார்ல் பூல் என்ற பெருந்தச்சர் பதினான்காம் லூயியின் மகனுக்காக ஓர் அறையின் தரை முழுக்கப் பதிப்பு வேலை செய்தார். அந்தத் தரை இன்று இல்லை. இல்லாத பொருளை ஆராய்வதில் ஒரு வசதி, யாரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுக்கமுடியாது. இது நம்மவர்களுக்குப் புதிதல்ல. கடல்கொண்ட நூல்களுக்கு நம்மிடம் இருக்கிற விளக்கத்தில் பாதிகூட, அலமாரியில் இருக்கிற நூல்களுக்கு இல்லை.

இத்தாலியில் உர்பினோ கோமகன் ஃபெடெரிகோ விவரமானவர். குப்பியோவில் தன் படிப்பறைக்கு 15ஆம் நூற்றாண்டில் பதிப்பு வேலை செய்யச் சொன்னபோது, திறந்து கிடக்கும் அலமாரிகள், புத்தகங்கள், வாத்தியங்கள் எல்லாவற்றையும் சுவரில் செய்யச் சொன்னார். எவரும் சுவரில் நடப்பதில்லை. அந்த அறையின் மரவேலை இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மைசூர்த் தச்சர்களும் ஈட்டிப் பலகையில் பதிக்கும் தசரா யானையைச் சுவரில்தான் மாட்டச் சொல்கிறார்கள். ஆக, பதிப்பு வேலையைத் தரைக்குக் கொண்டுவருவது அறிவுடையோர் செயல் அன்று என்பது இலக்கியச் சான்று இல்லாமலே நிறுவப்படுகிறது.

5. செய்முறை

ஆசாரி ஒரு பிளைவுட் துண்டில் முனையின் அச்சை வெட்டி வைத்துக்கொண்டார். மரம் குடையும் ரூட்டரின் அடியில் பித்தளை புஷ். அதன்மேல் கழற்றி மாட்டுகிற ஒரு வளையம். வளையத்தோடு அச்சுக்குள் ஓட்டினால் தரையில் குழி விழும். வளையத்தைக் கழற்றிவிட்டு, அதே அச்சை ஈட்டிமேல் வைத்து ஓட்டினால் குழிக்குள் உட்காரும் துண்டு கிடைக்கும். வளையத்தின் கனமும் வெட்டுகிற பிட்டின் விட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும், சூட்சுமம் அவ்வளவுதான். பிட் உருண்டை, ஆகையால் குழியின் மூலை மழுங்கித்தான் வரும்; உளி வைத்து நறுக்கிக் கூராக்கவேண்டும். துண்டு தரையைவிட நூல் அளவு மேலே நிற்கும்படி ஒட்டி, பசை காய்ந்தபிறகு உப்புத்தாள் போட்டு மட்டமாக்குவார்கள். (ஆசாரி, நேர்காணல், ரூட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, பல வாக்கியங்கள் சிதைந்த நிலையிலேயே கிடைத்துள்ளன.)

6. இடுக்கு

இனித்தான் கட்டுரை தொடங்குகிறது. பதித்த துண்டுக்கும் தோண்டிய குழிக்கும் நடுவில் இடுக்கு உண்டா, இல்லையா? இல்லை என்பது ஆசாரி மரபு. உண்டு என்பது நண்பருடைய மாமனார் மரபு. ஆசாரி, வேலையை ஒப்படைத்த அன்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழக்கு முனையில் வைத்து அழுத்திக் காட்டினார்; நுழையவில்லை. மாமனார் பின்னொரு நாள் மண்டியிட்டு, அதே முனையில் வேறொரு பத்திரிகையை வைத்து அழுத்தினார், சர்ரென்று இறங்கியது. முகூர்த்த நேரம் வரை உள்ளே போய்விட்டது என்கிறார்கள்.

6.1 அளவுகோல்

இடுக்கை அளக்க ஃபீலர் கேஜ் என்று மெக்கானிக் கடையில் ஒரு தகடு உண்டு. அதைப் பயன்படுத்தினால் கேள்வி ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால் ஆய்வுலகம் அதை ஏற்கவில்லை. பத்திரிகையே அளவுகோல் என நிலைபெற்றது. ஆனால் பத்திரிகையின் கனம் வீட்டுக்கு வீடு வேறு. சாதாரணமாக அடித்தது ஒற்றை அட்டை. பெண் வீட்டார் கொஞ்சம் வசதி என்றால் மூன்று மடிப்பு, வெல்வெட், பிள்ளையாருக்கு மட்டும் தனியாக ஒரு கதவு. இன்னும் மேலே போனால் பெட்டி. உள்ளே பாதாம் பருப்பு. பெட்டி எந்த இடுக்கிலும் நுழையாது. ஆகவே செல்வந்தர் வீட்டுப் பத்திரிகையால் அளந்தால் உலகத்தில் இடுக்கு என்பதே கிடையாது.

6.1.1 மஞ்சள் சிக்கல்

பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம். இடுக்கில் முதலில் நுழைவதும் மூலைதான். அப்படியானால் மஞ்சளின் கனத்தைச் சேர்ப்பதா, கழிப்பதா? சேர்க்கவேண்டும், மஞ்சள் இல்லாத பத்திரிகை பத்திரிகையே அல்ல என்பது ஒரு கட்சி. (நண்பருடைய மாமியார், வாய்மொழி, காய் நறுக்கும்போது, கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் இடைப்பட்ட காலம்.) கழிக்கவேண்டும், மஞ்சள் காய்ந்தால் உதிரும் என்பது மறு கட்சி. (கீழ்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், லிஃப்டில் அருளியது, தரைத்தளம் முதல் மூன்றாம் மாடி வரை, அதற்குமேல் கதவு மூடிக்கொண்டதால் உரையின் பிற்பகுதி கிடைக்கவில்லை. வாட்ச்மேனிடம் ஒரு பாடபேதம் இருப்பதாகத் தெரிகிறது.)

இரண்டையும் சமன்செய்து, மஞ்சளில் தண்ணீர் கூடினால் கழி, குறைந்தால் சேர் என்று ஒரு மூன்றாம் கட்சி கிளம்பியது. இதைச் சொன்னவர் பத்திரிகையைக் கண்ணால் பார்த்தவர் அல்லர். மொய் எழுதியவரின் மைத்துனர், பந்தியில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், எதிர் இலைக்காரரிடம் சொன்னதைப் பரிமாறியவர் கேட்டு, அவர் சொல்லி நான் எழுதுகிறேன். கல்வெட்டுத் துறையில் இதைவிட மெலிந்த சங்கிலியில் ஒரு வம்சத்தையே தொங்கவிட்டிருக்கிறார்கள். (மேலும் காண்க: இதே ஆசிரியர், இதே கட்டுரை, மேலே, பரவலாக.)

6.1.1.1 குங்குமம்

தனி ஆய்வேடு. நெறியாளர் கிடைத்தால் செய்யலாம்.

6.2 பருவம்

மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய அசைவதில்லை. குறுக்குவாட்டில்தான் ஈரத்துக்கு ஊதும், வறட்சிக்குச் சுருங்கும். ஒரே பலகையில் வட்டமாக வெட்டிய துண்டு அடைமழையில் வட்டமாக இருக்காது. குறுக்கே சற்றுக் கொழுத்திருக்கும். அதே துண்டு அக்னி நட்சத்திரத்தில் இளைத்து ஓரத்தில் கறுப்புக் கோடு விடும். நார்த்திசை ஒத்துப்போகாமல் இரண்டு மரத்தைச் சேர்த்தால் இந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆசாரி அளந்தது ஐப்பசியில், வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது. மாமனார் அளந்தது சித்திரைக் கடைசியில். இரண்டு பேர் சொன்னதும் சரி. இருவரும் கட்சி கட்டி, மேற்கோள் காட்டி, பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட பிறகும் எந்த மாதத்தில் அளந்தோம் என்று ஒருவரும் குறிக்கவில்லை. ஒரே நூலுக்கு ஆயிரம் ஆண்டு முன்பின்னாகக் காலம் சொல்லுகிற துறையில் ஆறு மாதப் பிழையைப் பெரிதுபடுத்துவது முறையல்ல. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் அம்மாதங்களுக்கான தரவு கிடைக்கவில்லை.

7. நிரப்பி

தேய்க்கும்போது உதிர்ந்த மரத்தூளையே ஃபெவிகாலில் குழைத்து இடுக்கில் அப்புவார்கள். காய்ந்தபின் அது சுற்றியுள்ள மரத்தைவிடக் கறுத்துவிடும். இடுக்கு போய், இடுக்கு இருந்த இடம் எல்லாருக்கும் தெரிகிற கோடாக நிலைத்துவிடும். இலக்கண நூல்களுக்கு அடிக்குறிப்பு எழுதியவர்கள் செய்ததும் இந்த வேலைதான்.

8. ஆய்வின் வரவேற்பு

இக்கட்டுரையின் சுருக்கம் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் வாசிக்கப்பட்டது. பன்னாடு என்பது ஜூமில் இணைந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர். அவரும் மியூட்டில் இருந்தார். பதிவுக்கட்டணம் கட்டிய எல்லாருக்கும் சிறந்த கட்டுரைக்கான சான்றிதழ் வழங்கப்பட்டது. தலைமை தாங்கியவர் பொன்னாடையோடு முன்னதாகவே கிளம்பிவிட்டதால் என் கட்டுரையை வெகுவாகப் பாராட்டினார் என்று தொகுப்பில் அச்சிட்டிருக்கிறார்கள்.

9. முடிபு

நண்பரின் பேரன் இடுக்கைப் பென்சிலால் குடையத் தொடங்கியதும் நட்சத்திரத்தின்மேல் ஜமுக்காளம் விரித்துவிட்டார்கள். அதன்மேல் டீப்பாய். ஆய்வுக்களம் மூடப்பட்டதால் ஆய்வும் நிறைவடைகிறது.

உங்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்யச் சொல்ல நினைத்தால், பலகைகளை வாங்கிவந்ததும் அன்றே தோண்டவிடாதீர்கள். அந்த அறையிலேயே சில வாரம் அடுக்கிவைத்து, அந்த அறையின் ஈரத்துக்கு மரம் பழகியபிறகு வெட்டச் சொல்லுங்கள். சோபா எங்கே வரப்போகிறது என்பதை அதற்கும் முன்னால் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.