இன்று நாம் கற்றவை

பாடம் முடியும்போது ஸ்மார்ட் போர்டில் வந்து நிற்கும் கடைசி ஸ்லைடுக்கு ஒரு பாராட்டு விழாவே எடுக்கலாம். ‘இன்று நாம் கற்றவை’ என்று தலைப்பு, கீழே நான்கு வரி, ஓரத்தில் புத்தகம் ஏந்திச் சிரிக்கும் பிள்ளைப் படம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நான் பார்த்த வகுப்பறைகளில் அதன் கடமை உணர்ச்சிக்கு ஈடு கிடையாது. வகுப்பு நடப்பது புதன்கிழமை காலையில். அந்த வகுப்பில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதை அது செவ்வாய்க்கிழமை இரவே எழுதி முடித்துவிடுகிறது.

அதன் நடுநிலை இதைவிடப் பெரிது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட பெண்ணுக்கும், நூற்பாலையில் நைட் ஷிப்ட் போன அம்மாவுக்குப் பதிலாகத் தம்பியைப் பார்த்துக்கொண்டு, தூக்கம் கெட்டு வந்திருக்கும் பையனுக்கும் அதே நான்கு வரிதான். “எல்லாரும் எழுதிக்கோங்க” என்றதும் வகுப்பு மொத்தமும் ஒரு எழுத்து பிசகாமல் நோட்டில் ஏற்றிவிடும். “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது மிஸ்!” என்று ஒரே சத்தம். ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கிறவர்களிடம்கூட இத்தனை ஒருமித்த குரல் வராது.

கேள்வி கேட்கும் பிள்ளைகளிடம் அது காட்டும் பொறுமையையும் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பில் ஒளிச்சேர்க்கைப் பாடம். சூரியன் வந்தது, இலை வந்தது, அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் நின்றன. “ராத்திரில இலை என்ன பண்ணும் மிஸ்?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். திரையில் சூரியன் மறையவில்லை. அடுத்த ஸ்லைடு வந்தது. கேட்டவனை அது அதட்டவில்லை, மட்டம் தட்டவில்லை. அவனும் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. வெயில் இருக்கும்வரை உணவு தயாரிக்கும் இலை, இரவும் பகலும் நம்மைப் போலவே சுவாசித்துக்கொண்டும் இருக்கிறது. அந்தப் பையன் கை வைத்தது சரியாக அந்த இடத்தில்தான். கடைசி ஸ்லைடின் நான்கு வரியில் அது இல்லை. ஆகவே, அன்று அவன் அதைக் கற்கவில்லை என்பதும் துல்லியமாகப் பதிவாகிவிட்டது.

குறை சொல்கிறவர்கள் அதன் பிறப்பையும் நினைக்க வேண்டும். ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கி 1987இல் வெளிவந்த பவர்பாயிண்ட், ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் தாள்களைத் தயாரிக்க வந்தது. அலுவலகக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவருக்கு அது துணை. உட்கார்ந்து கேட்கிறவர் என்ன நினைக்கிறார் என்று பார்ப்பது அன்றைக்கு அதன் வேலை அல்ல. நாற்பது ஆண்டு நெருங்கியும் பிறந்த கடமையிலிருந்து அது வழுவவில்லை. நாமும் வழுவ விடவில்லை.

அரசும் வாரிக் கொடுத்திருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு ஏறியது. 2024இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டம் வந்தது. போர்டுகள் பளபளக்கின்றன. தூசி படாமல் துணி போர்த்துகிறார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் இட்டு மாலை சூட்டுகிறார்கள். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மாலை சூடி, புதுக்கருக்கு மாறாமல் கிடந்த ஆயுதங்களைப் பார்த்து ஔவை சொன்ன பாராட்டு இந்தப் போர்டுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குத் தொடுத்த மாலையைக் கோதை தன் கழுத்தில் போட்டு, அந்தத் தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டாள் என்று ஊரில் கதை சொல்வார்கள். கிணற்றுக்கு ஒலி இல்லை, தொடுதிரை இல்லை, இணைய இணைப்பு இல்லை. ஸ்மார்ட் போர்டு எவ்வளவோ மேல். எரிமலை வெடிப்பதைக் காட்டும், இதயத்தை அறுத்துக் காட்டும், செவ்வாய்க் கிரகத்தின் மண்ணைக் காட்டும். ஒரு பிள்ளை தன்னைத் தவிர வேறு எல்லாவற்றையும் அதில் பார்த்துவிடலாம்.

ஆராய்ச்சியும் கடைசி ஸ்லைடின் பக்கம் உண்டு. 2006இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைப் படித்த பிறகு சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருந்ததைத் தாங்களே எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரும்பப் படித்தவர்களே முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, தாங்களே எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42. கடைசி ஸ்லைடின் வெற்றி ஐந்து நிமிட வெற்றி. மணி அடிக்க அது போதும்.

இதில் ஆசிரியர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாடத்தைக் குறித்த தேதிக்குள் முடிக்க வேண்டும், எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு ஏற்ற வேண்டும், போர்டு எரியும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அந்த போட்டோவில் போர்டு தெளிவாகத் தெரியும். பிள்ளைகளின் பின்னந்தலை தெரியும்.

அதே போர்டு வேறு மாதிரி வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஆசிரியை, கணக்குப் பாடம். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துபோய் ஒரு நோட்டைத் தன் செல்போனில் படம் பிடித்தார். பெயரை மறைத்துவிட்டுப் போர்டில் போட்டார். 1/2 + 1/3 = 2/5. “இதைப் போட்டவங்க எப்படி யோசிச்சிருப்பாங்க?” என்று மட்டும் கேட்டார். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போட்டவனே எழுந்து, “மேல மேல கூட்டினேன், கீழ கீழ கூட்டினேன் மிஸ்” என்றான். பால்கோவா போடுகிற வீட்டுப் பெண் ஒருத்தி இடையில் புகுந்தாள்: “அரை லிட்டர் பால்ல இன்னும் பால் ஊத்தினா அரையை விடக் குறையுமா? அஞ்சுல ரெண்டு அரைக்குக் கம்மிடா.” பையன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய கையெழுத்து அங்கே ஆள் உயரத்துக்கு இருந்தது. பிறகு ஆசிரியை தலைப்பு மட்டும் உள்ள ஒரு வெற்று ஸ்லைடைப் போட்டு, ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னார். அவன் எழுதியது: ‘கூட்டினா குறையக் கூடாது. முதல்ல பாத்துக்கணும்.’

இதற்குப் புது மென்பொருள் வேண்டாம், புது நிதி வேண்டாம். வேண்டியது வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம். அது பாட அட்டவணைக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்காகப் பாடம் பின்தங்கினால் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி போர்டு எரிகிறதா என்று பார்ப்பதோடு, ஏதாவது ஐந்து நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கட்டும். ஐந்திலும் ஒரே வாசகம் இருந்தால் காரணம் கேட்கட்டும்.