தூண்டிலுக்கு வந்த மரியாதை

எழுபதுகளில் குமரி மாவட்டத்து முட்டத்துக் கரையில் தூண்டில்காரருக்குப் பெண் கொடுக்கத் தயங்குவார்கள். கரமடி வைத்திருப்பவர் ஊரில் பெரிய மனிதர். தட்டுமடிக்காரரும் வலைக்காரரும் அவருக்கு அடுத்த வரிசை. ஒரு சுருள் நரம்பும் நாலைந்து முள்ளும் சட்டியில் கொஞ்சம் இரையுமாகத் தனிக் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர் எல்லோருக்கும் கீழே. வலை வாங்க வழியில்லாதவர், யாரோடும் கூட்டுச் சேராதவர் என்றுதான் அவரைப் பற்றிப் பேச்சு. என் தாய்மாமா அந்தக் கடைசி வரிசைக்காரர். அவர் கொண்டுவரும் பத்துப் பதினைந்து மீனை, மற்ற மடிகளெல்லாம் விலைபோன பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் ஏலக்காரர் போகிற போக்கில் கூறி முடிப்பார்.

இன்று அதே கரையில் விளமீனையோ நெய்மீனையோ தூக்கிப் பிடித்து ஏலக்காரர் முதலில் சொல்வது "தூண்டில் மீன்" என்பதைத்தான். விலை அங்கிருந்துதான் ஏறத் தொடங்குகிறது. அது நியாயமான விலை. இழுவைமடியின் அடியில் அமுங்கி வந்த மீனுக்குச் செதில் உதிர்ந்திருக்கும், சதை குழைந்திருக்கும். இரவெல்லாம் வலையில் செவுள் மாட்டிக் கிடந்த மீன் கரை சேர்வதற்கு வெகுநேரம் முன்பே செத்திருக்கும். தூண்டிலில் வருவது உயிரோடு படகில் ஏறும். உடனே ஐஸில் கிடத்தினால் மறுநாளும் செவுள் சிவப்பாகவே இருக்கும். மாமா கொண்டுவந்த மீனும் இப்படித்தான் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்து வாங்கத்தான் அன்று ஆள் இல்லை.

முட்டத்தை வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டது பாரதிராஜாவால். 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்த பிறகு அந்தப் பாறைகளைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். எங்களுக்கோ தண்ணீருக்கு மேலே தெரியும் பாறையைவிட அடியில் பாறைத்திட்டாகக் கிடக்கும் பார்தான் முக்கியம். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு, ஆழம் உண்டு, இன்ன மாதத்தில் இன்ன மீன் என்ற கணக்கு உண்டு. களவா, செப்பிலி, விளமீன், பாரை எல்லாம் அங்கேதான். பார்மேல் வலை போட்டால் கிழிந்துதான் வரும். அந்த இடம் தூண்டிலுக்கு உரியது.

பாரைக் கண்டுபிடிக்க மாமாவிடம் இருந்தது கணியம். கரையில் ஓர் அடையாளம், அதற்குப் பின்னால் தூரத்தில் இன்னோர் அடையாளம். இரண்டும் ஒன்றுக்கு நேரே ஒன்றாக வந்தால் அது ஒரு கோடு. வேறொரு திசையில் அதேபோல இன்னொரு சோடி, இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லை இறக்க வேண்டும். வெளிச்சவீடு, மாதா கோயில், ஒற்றைப் பனை, வேளிமலையின் உச்சி, இவைதான் அவருடைய எழுத்துகள். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு வேகம் என்பதை நரம்பின் சாய்விலேயே சொல்வார். கட்டுமரம் தடிகளைக் கயிற்றால் பிணைத்தது என்பதால் இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே வந்து போய்க்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் இடுப்பு நனையும், ஆனால் மரம் மூழ்காது. விடியுமுன் கரைக்காற்று பாயை வெளியே கொண்டுபோகும், பிற்பகலில் கடற்காற்று திருப்பிக் கொண்டுவரும். எண்ணெய்க்குச் செலவு இல்லை, கடனும் இல்லை.

பள்ளி விடுமுறையில் என்னையும் மரத்தில் ஏற்றிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை; மற்ற நாள் என்றால் நான் தயார். நரம்பு சுட்டுவிரலின் முதல் கணுவில் கிடக்க வேண்டும். பெரிய மீன் ஓடினால் நரம்பு சதையை அறுக்கும் என்பதால் மற்ற விரல்களில் சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டியிருப்பார். கடி பார்க்கும் விரலில் மட்டும் ரப்பர் கிடையாது. ஈயம் தரை தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொல்வார்: "கண்ண மூடு மக்களே. வெரலு பாக்கட்டும்."

கண்ணை மூடினால் கீழே நடப்பதெல்லாம் மேலே வந்தது. நவரை விட்டுவிட்டுக் கொத்தும். அயிலை மாட்டினால் நரம்பு முழுவதும் நடுங்கும். விளமீன் முதலில் மெல்ல இழுத்துப் பார்க்கும், அப்போது அசையக் கூடாது. அடுத்த இழுப்பில்தான் வாய்க்குள் வாங்கும். களவா எல்லாவற்றிலும் மோசம். கவ்விய நொடியே பாறை இடுக்குக்குத் திரும்பிவிடும். அந்த நொடியில் மூன்று பாகம் நரம்பை மேலே வாங்கவில்லை என்றால் உள்ளே புகுந்து செவுளை விரித்து உட்கார்ந்துகொள்ளும்; பிறகு நரம்பு பாறையில் உரசி அறுவதுதான் மிச்சம். சின்னக் களவா வந்தால் மாமா முள்ளைக் கழற்றி விட்டுவிடுவார். களவா இனங்களில் பலவும் பெண்ணாக வளர்ந்து, பெருத்த பிறகே ஆணாகின்றன என்று நான் படித்தது வெகுகாலம் கழித்து. அவருக்குத் தெரிந்தது, குஞ்சை எடுத்தால் அடுத்த வருடம் பாரில் மீன் இருக்காது என்பது. அது போதுமானதாகவே இருந்தது.

அயிலைக்கும் பாரைக்குஞ்சுக்கும் இரை தேவையில்லை, அச்சில் போதும். ஒரே நரம்பில் சிறுசிறு முட்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொரு முள்ளின் கழுத்திலும் நிற நூலும் பழைய சேலையின் சரிகையும் சேவல் இறகின் ஓரமும் வைத்துச் சுற்றுவது. தண்ணீருக்குள் ஏற்றி இறக்கினால் பொடிமீன் கூட்டம் துள்ளுவதுபோல் தெரியும். அதைக் கட்டியது மாமா அல்ல, மாமி. சாயங்காலம் படியில் உட்கார்ந்து, பல்லால் நூலை இழுத்து முடிச்சை இறுக்குவாள். கடலுக்கே போகாத அவளுக்கு அன்றைய தண்ணீரின் நிறம் தெரியும். மாமாவிடம் கேட்டுக்கொண்டுதான் நூல் எடுப்பாள். மீன்தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெண்களை ஏலக்கரையிலும் தலைச்சுமையிலும்தான் காட்டுகிறார்கள். தூண்டிலின் பாதி வேலை வீட்டுப் படியில் நடந்தது என்பதையும் எழுத வேண்டும்.

முள் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. நார்வேயில் 1832-இல் தொடங்கிய மஸ்டாட் நிறுவனத்தின் முள். மாமா வேறு எதையும் தொடமாட்டார். அதே நார்வேயிலிருந்து இன்னொன்றும் வந்தது. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்வளத் திட்டம் ஒன்று தொடங்கியது. எங்கள் ஊரும் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. மீனவர் வாழ்க்கையை உயர்த்துவதே அதன் நோக்கம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிறு இயந்திரப் படகுகளில் ஆரம்பித்த அந்த வேலை, வெளிநாட்டில் இறாலுக்கு விலை கிடைத்ததும் இழுவைமடிக்கு வழிவிட்டது. அந்த மடிகள் தெற்கே இறங்கி வந்தபோது மாமாவின் நார்வே முள்ளுக்கு மேலாக நார்வே வழி வந்த மடி ஓடியது. ஒரு விடியலில் அவர் நரம்பின் அறுந்த நுனியை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பாறையில் உரசிய பிசிறு இல்லை, நேராக அறுந்திருந்தது.

1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையை ஒட்டிய கடலில் ஒரு கோட்டுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்று ஏட்டில் இருக்கிறது. இருட்டில் அந்தக் கோட்டுக்குள் வரும் விளக்குகளை எண்ணியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இந்தச் சட்டம் ஒழுங்காக நடந்தாலே சிறு தூண்டிலுக்கு வேறு மானியம் தேவைப்படாது என்பது என் உறுதியான எண்ணம்.

மீதி மாற்றங்கள் வேகமாக வந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் முட்டத்திலேயே ஒட்டுப்பலகைப் படகு கட்டினார்கள். அவுட்போர்டு மோட்டார் வந்தது, மண்ணெண்ணெய்க் கடனும் கூடவே வந்தது. 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறி வந்து மரங்களை அள்ளிப்போனது. மாமாவின் மரமும் அதில் போயிற்று. நிவாரணமாக ஃபைபர் படகுகள் கொடுத்தார்கள். தனியாகத் தூண்டில் போடுகிறவருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. அதன்பின் மாமா கடலுக்குப் போகவில்லை.

தன் மகன் கையில் நரம்பு ஏறக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். பாரில் பிடித்த மீனை விற்றுத்தான் அவனைப் பொறியியல் படிக்க வைத்தார். அவன் வளைகுடாவுக்குப் போனான், நன்றாக இருக்கிறான். போன முறை விடுப்பில் வந்தபோது அவன் பெட்டியோடு நீளமான ஒரு குழாயும் இறங்கியது. உள்ளே ஜப்பானியத் தூண்டில்கோல், ரீல், தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த பின்னல் நூல். அந்தக் கோலின் விலைக்கு அவன் அப்பா காலத்தில் பாயோடு சேர்த்து ஒரு புதுமரம் இறக்கியிருக்கலாம். அங்கே நண்பர்களோடு வெள்ளிக்கிழமைதோறும் துறைமுகச் சுவரில் நின்று மீன் பிடிக்கிறானாம். எந்தக் கையில் நரம்பு ஏறக் கூடாது என்று ஒருவர் வாழ்நாள் முழுக்க உழைத்தாரோ, அந்தக் கை சொந்தச் சம்பாத்தியத்தில் அதை விரும்பி எடுத்துக்கொண்டது. மாமா இருந்திருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டார். அவர் பயந்தது வறுமைக்கு. தூண்டில்மேல் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அவன் விரித்து வைத்த பொட்டலங்களைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. சபிகி என்று பெயர் போட்ட ஒன்றில் வரிசையாகச் சிறுமுட்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் மின்னும் இழை. மாமி கட்டிய அதே அச்சில். இன்னொன்று எகி, இறால் வடிவத்தில் வாலில் கொக்கி வளையம் வைத்த கணவாய்த் தூண்டில். தென் ஜப்பானில் ககோஷிமா பக்கத்துக் கடலோடிகள் மரத்தில் செதுக்கி வந்ததன் இன்றைய பிளாஸ்டிக் உரு அது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மாமா கணவாய்க்குப் போட்டதும் ஈயத்தைச் சுற்றி முள் வளையம் கட்டியதுதான். முள்ளில் எதிர்முனை இல்லை என்பதால் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் கணவாய் நழுவிவிடும், நிறுத்தாமல் சீராக வாங்க வேண்டும் என்ற பாடமும் அதேதான். இரண்டு கடற்கரைகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே விடைக்கு வந்திருக்கின்றன. ஒன்று அதைப் பொட்டலத்தில் போட்டு உலகுக்கு விற்றது. இன்னொன்றில் கட்டியவளின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான், அப்பாவின் பார் எங்கே என்பது. ஃபைபர் படகில் போனோம். பனை இப்போது இல்லை. அந்தக் கோட்டில் ஒரு கைபேசிக் கோபுரம் நின்றது. வேளிமலை மட்டும் நகரவில்லை. வெளிச்சவீட்டை வைத்து ஒரு கோட்டைப் பிடித்து, மற்றதை ஈயம் விட்டு ஆழம் பார்த்துத் தேடியதில் பார் கிடைத்தது. அவன் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டான். குறிக்கட்டும், அது நல்லதுதான்; 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களை இழந்த எங்களுக்குக் கருவி வேண்டாம் என்று சொல்லும் மனம் இல்லை. நான் கேட்டது ஒன்றுதான்: கணியத்தையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள். எழுதிக்கொண்டான். கோலை மடியில் வைத்துவிட்டு நூலை விரலில் வாங்கி, சொல்லாமலே கண்ணை மூடினான்.

இப்போது முட்டம் துறைமுகச் சுவரில் மாலை வேளைகளில் கோலோடு பையன்கள் நிற்கிறார்கள். சுவரோரக் கற்களில் ஓராவும் மடவையும் மேய்கின்றன, அவற்றைத் தேடிப் பாரை வருகிறது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை. 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாள். எங்கள் மாவட்டத்திலேயே சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15-க்கே படகுகளைக் கட்டிவிடும். தடைக்காலத்தில் சிறு தூண்டிலுக்கு அனுமதி உண்டு, மீனுக்கு விலையும் உண்டு. ஆனால் அந்த இரண்டு மாதம்தான் தென்மேற்குப் பருவக்காற்று கடலை நிமிர்த்தி வைத்திருக்கிறது. கடல் தூண்டில்காரருக்கென்று ஒதுங்கிக் கிடக்கும் காலத்தில் சிறு படகு துறைமுக வாயைத் தாண்ட முடிவதில்லை. மிஞ்சுவது துறைமுகத்தின் உட்பக்கம். பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, வெளிப்பக்கத்து நாலுகால் கற்களில் மட்டும் ஏறாதீர்கள் என்பது. பாசி பிடித்த கல். அலை ஒரு முறை ஏறினால் இடுக்கில் விழுந்தவரை எடுக்க வழியில்லை.

போன ஜூனில் அவர்களில் இருவர் மாமியைத் தேடி வந்தார்கள். கடையில் வாங்கிய சபிகி அறுந்துபோயிற்றாம், ஒன்று கட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். மாமிக்கு இப்போது கண் மங்கல். முடிச்சைப் பார்ப்பது விரல்தான். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நூல்பெட்டியை இழுத்தாள். ஒருவன் இளஞ்சிவப்பைக் காட்டி, "இது போடுங்க பாட்டி" என்றான்.

"நிக்கட்டும் மக்களே," என்றாள். "தண்ணி கலங்கிக் கெடக்கா, தெளிஞ்சு கெடக்கா? அதச் சொல்லாம நூலுல எப்பிடிக் கைய வைக்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் பார்த்துவரப் போனான்.