850 ஆடுகிறதா? ஒரு வாரம் ஓட்டுவதற்கான வழிமுறை

ஹார்டனிங் ஃபர்னஸின் மீட்டர் 850-இல் நிற்காமல் 838, 861, 844 என்று தாவ ஆரம்பித்தால் பதற வேண்டாம். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் மெயின்டனன்ஸ் பார்த்தே தலை நரைத்தவர்களுக்குத் தெரியும், இது பெரும்பாலும் அரை மணி நேர வேலை. அதை ஒரு வாரத்துக்கு இழுக்கத் தெரிந்தவருக்குத்தான் ஓ.டி.யும் மரியாதையும்.

முதலில் மீட்டரைத் தட்டுங்கள். தட்டியதும் இரண்டு நிமிடம் அடங்கி நின்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ லூஸ். அந்த ஆராய்ச்சியில் இறங்காதீர்கள். "மீட்டர் சூடாயிருச்சுங்க" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, பேனல் கதவைத் திறந்து பெடஸ்டல் ஃபேனை உள்ளே பார்த்து வையுங்கள். மீட்டருக்குச் சிக்னல் தரும் தெர்மோகப்பிள் ஃபர்னஸின் சூட்டை நேராக அளப்பதில்லை. ஃபர்னஸுக்குள் இருக்கும் முனைக்கும் பேனலில் இருக்கும் முனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. பேனல் முனை என்ன சூட்டில் இருக்கிறது என்பதைக் கன்ட்ரோலரே பார்த்துக் கூட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் காற்றை அடித்தால் கணக்கு குழம்பி, ஆட்டம் இன்னும் அழகாகும்.

காரணத்தைத் தவறாகச் சொல்வதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. தெர்மோகப்பிளை இயக்கும் விளைவை 1821-இல் கண்டுபிடித்த ஸீபெக்கே, காந்த ஊசி திரும்பியதைப் பார்த்துவிட்டு இது காந்த விவகாரம் என்றுதான் நம்பினார்.

அடுத்தது கன்ட்ரோலரை மாற்றுவது. ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். தெர்மோகப்பிள் ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு சின்னத் துண்டு செம்புக் கம்பியால் இணைத்தால், நல்ல கன்ட்ரோலர் பேனலுக்குள் இருக்கும் சூட்டை, 35-ஓ 36-ஓ, ஆடாமல் காட்டிவிடும். அப்புறம் அதன்மேல் பழி போட முடியாது. புதியதற்கு இண்டென்ட் போடுங்கள். பர்ச்சேஸில் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். இரண்டு நாள் போயிற்று.

புதியது வந்தும் ஆடினால் 'நாய்ஸ்' என்ற சொல்லை எடுக்க வேண்டிய நேரம் அது. 850 டிகிரியில் கே டைப் தெர்மோகப்பிள் தருவது சுமார் 35 மில்லிவோல்ட். அதில் ஒரு மில்லிவோல்ட் பிசகினால் மீட்டரில் 24 டிகிரி. இவ்வளவு மெல்லிய சிக்னலை ஹீட்டர் கேபிளும் மோட்டார் டிரைவின் கேபிளும் ஓடும் அதே ட்ரேயில் படுக்க வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும் என்பார்கள். இரண்டு முனையிலும் செய்துவிடுங்கள், எர்த்துக்கு எர்த் கரண்ட் ஓட ஒரு வழி கிடைக்கும். ஹீட்டரை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு மீட்டர் அமைதியாகிறதா என்று பார்க்கும் யோசனை யாருக்காவது வந்தால், "புரொடக்‌ஷன் நிக்கும்" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் எந்தப் பட்டறையிலும் கேள்வி எழாது.

கேபிள் விஷயத்துக்குத் தனி மரியாதை தர வேண்டும். ஃபர்னஸ் பக்கம் கேபிள் கருகிப் போயிருந்தால் ஸ்டோர்ஸில் காம்பென்சேட்டிங் கேபிள் கேட்டு நிற்காதீர்கள். விலை அதிகம், கலர் வேறு குழப்பும். அமெரிக்க முறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்புதான் நெகட்டிவ். பேட்டரி பார்த்துப் பழகிய கை சிவப்பைப் பாசிட்டிவில்தான் கொண்டுபோய்ச் சொருகும். அதற்குப் பதில் சாதாரணச் செம்பு ஒயர் 12 மீட்டர் இழுத்து, முறுக்கி, டேப் சுற்றிவிடுங்கள். ஒயர் ஒயர்தானே! தெர்மோகப்பிள் ஹெட் 90 டிகிரி, பேனல் 35 டிகிரி என்றால், நடுவில் உள்ள 55 டிகிரியைச் செம்பு விழுங்கிவிடும். மீட்டர் 850 காட்டும், உள்ளே 905 எரியும். மதிய வெயிலில் ஒரு கணக்கு, விடியற்காலை ஷிப்டில் வேறு கணக்கு. ப்ளோயர் அதிர்கிறபோதெல்லாம் முறுக்கிய ஜாயின்ட் தாவல்களையும் சேர்த்துக் கொடுக்கும்.

இந்தத் தாவல்தான் எல்லார் கண்ணையும் உறுத்துவது. அதற்குக் கைகண்ட மருந்து, கன்ட்ரோலரின் இன்புட் ஃபில்டரை 60 செகண்டுக்கு ஏற்றுவது. எண் ஐயனார் கோயில் மண்குதிரை மாதிரி அசையாமல் நிற்கும். எம்.டி. வந்து பார்த்துத் தோளில் தட்டுவார். கதவைத் திறந்து லோடு ஏற்றியதும் உள்ளே சூடு சரிவது மட்டும் மீட்டருக்குத் தாமதமாகத்தான் எட்டும். கன்ட்ரோலர் அதற்கப்புறம் பதறி முழு பவர் கொடுக்கும், பிறகு அடங்கத் தெரியாமல் தாண்டிப் போகும். முன்பு தாவிய எண் இப்போது ஊஞ்சல் ஆடும். தாவல் வேறு, ஊஞ்சல் வேறு. தாவினால் ஒயரைப் பார்க்க வேண்டும், ஊஞ்சலென்றால் பி.ஐ.டி. செட்டிங்கை. ஜீக்லரும் நிக்கல்ஸும் 1942-லேயே அதற்கு வழி எழுதி வைத்துவிட்டார்கள். நமக்கு ஆட்டோ டியூன் பட்டன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, ஃபர்னஸ் காலியாக இருக்கும்போது அமுக்குங்கள். திங்கட்கிழமை அரை டன் லோடு ஏறும்போது அந்த செட்டிங் திருதிருவென்று விழிக்கும்.

கஸ்டமர் ஆடிட்டர் வருகிற நாளில் அவருடைய ஸ்டாண்டர்ட் தெர்மோகப்பிள் 905 காட்டும். ஏன் என்று கேட்பதற்குள் ஆஃப்செட்டில் பிளஸ் 55 போட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், சர்டிஃபிகேட்டில் கையெழுத்தும் விழும்.

இத்தனை கவனமாக இருந்தும் ஒரு ஆபத்து உண்டு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் புதிதாய்ச் சேர்ந்த பையன். எங்கள் பட்டறையில் ஒருத்தன் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை ஒயரில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றான்.

"ஏனுங்ணா, கே டைப்புல நெகட்டிவ் ஒயரு காந்தத்துல ஒட்டணுமுங்களே? இங்க ரெண்டுமே ஒட்டலீங்ணா."

நெகட்டிவ் ஒயரான அலுமெல் ஒட்டும், செம்பு ஒட்டாது. அவன் சொன்னது சரிதான். அன்று மத்தியானமே சரியான கேபிளை இழுத்து, ஹெட்டில் ஸ்க்ரூவை முறுக்கி, ஃபில்டரையும் இறக்கிவிட்டான். மீட்டர் 850-இல் நின்றது. ரிப்போர்ட்டில் 'கன்ட்ரோலர் பழுது, மாற்றப்பட்டது' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய கன்ட்ரோலர் 'பழுது' சீட்டோடு ஸ்டோர்ஸ் அலமாரிக்குப் போனது. அங்கே ஏற்கெனவே மூன்று இருந்தன, மூன்றும் நன்றாக ஓடக்கூடியவை.

ஆஃப்செட்டில் இருந்த 55-ஐ எடுக்க அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் முதல் மீட்டரில் 850, உள்ளே 795. பீஸ்களில் ஹார்ட்னஸ் ஏறவில்லை என்று புகார் வந்தது. குவென்ச்சிங் ஆயிலை மாற்றச் சொல்லி இண்டென்ட் போட்டிருக்கிறோம். இரண்டு கொட்டேஷன் வந்துவிட்டது.